கேஜ் சாரின் கேஜ் விழுந்த நாள்

கோலார் தங்கவயலில் அந்தக் காலத்தில் மனிதர் அஞ்ச வேண்டியவை இரண்டு. பூமிக்கு அடியில் பாறை வெடிப்பு. பூமிக்கு மேலே எங்கள் காலேஜ் லைப்ரேரியன். பாறை எப்போதாவதுதான் வெடிக்கும். அவர் தினமும் காலையில் சைக்கிளில் வந்துவிடுவார்.

அவரைக் கேஜ் சார் என்போம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பெயர். அவர் முன்பு அந்தக் கூண்டு இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயிலில் கிளார்க்காக இருந்தவர். பிறகு பெங்களூரில் லைப்ரேரியன் படிப்பு முடித்து எங்களிடம் வந்தார். வேலை மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. புத்தகங்களின் விவர அட்டைகள் அடுக்கிய ஆளுயர மர அலமாரிக்கு அவர் வைத்த பெயர் கேஜ். புத்தகத் தட்டுகள் எல்லாம், சுரங்கத்தின் ஆழ அடுக்குகளைப் போல, லெவல்.

"கேஜ்ல ஏறாம எவனாவது லெவலுக்குப் போவானா? மொதல்ல அட்டையைப் பாரு. நம்பரை எழுதிக்கோ. அப்புறம் எறங்கு. நேராப் போயி தட்டுல தொழாவுனே, பொணமாத்தான் வெளிய வருவே."

பி.யூ.சி. சேர்ந்த முதல் வாரம் இதைக் கேட்டு நாங்கள் வெலவெலத்துப் போனோம். எங்களுக்காவது வயது சின்னது. கணக்கு லெக்சரர் நம்பர் மறந்துபோனால், கேஜ் சார் சாப்பிடப் போகும்வரை தூணுக்குப் பின்னால் நின்றிருந்துவிட்டு உள்ளே நுழைவார்.

அவருடைய அடுத்த ஆயுதம், "யாரு சொன்னது?" என்ற கேள்வி. எங்கள் வகுப்பு சாமுவேல், தங்கவயலிலிருந்து கோலார் வரைக்கும் பூமிக்கடியில் ரகசிய வழி இருப்பதாகக் கட்டுரையில் எழுதிவிட்டான்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாருக்கும் சேத்து ஒரு பேரா வெச்சிக்கீறாங்க? ஒருத்தன் பேரைச் சொல்லு."

சாமுவேல் மாமாவைச் சொன்னான். மாமா கோரமண்டல் ஏரியா சலூன்காரரைச் சொன்னார். சலூன்காரரோ, "உங்க மாமாதாம்பா சொன்னாரு" என்றார். கேஜ் சார் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேரு ஒருத்தன் முதுவுல ஒருத்தன் ஏறிகினு நிக்கிறானுங்கோ. கீழ தரையே இல்ல. அந்த வரிய அடிச்சுடு."

வருடத்துக்கு ஒரு முறை அவர் பரிட்சை வைப்பார். ஒரு சீட்டில் ஒரு கேள்வி இருக்கும். கேஜைப் பார்த்து, சரியான லெவலுக்குப் போய், ஒன்றை ஒன்று காப்பியடிக்காத மூன்று புத்தகங்களில் பதிலைக் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு லைப்ரரி கார்டு கிடையாது. அந்தப் பரிட்சை அன்று காலையில் சர்ச்சுக்குப் போனவர்களும் உண்டு, புத்த விகாரத்துக்குப் போனவர்களும் உண்டு. சாமுவேல் இரண்டுக்கும் போனான்.

எங்கள் முறை வந்த மதியம், பரிட்சைக்குச் சற்று முன்புதான் அது நடந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பில் இருந்தோம். வாசலில் ஒரு குரல்: "சாம்பியன் ரீப்ஸ்ல கேஜ் உழுந்துடுச்சாம். ஆளுங்கள கூப்டுனு இருக்காங்கோ."

என் அண்ணன் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், அந்த ஷிப்டில், கீழே இருந்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் கீழே இருந்தார். யாரும் லெக்சரரிடம் அனுமதி கேட்கவில்லை. ஓடினோம்.

ஷாஃப்ட் கேட்டுக்கு முன்னால் கூட்டம். கூட்டத்தைக் கண்டு வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். கேட்டைப் பூட்டியதைக் கண்டதும், செய்தி உண்மைதான் என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது.

"விபத்துன்னா ஊதற சங்கு ஊதலையே" என்றார் ஒருவர்.

"ஊத வேண்டியவனும் உள்ள மாட்டிகினா யாரு ஊதறது?" என்றார் இன்னொருவர்.

என் அண்ணி மாவு பிசைந்த கையோடு கம்பியைப் பிடித்து நின்றாள்.

அப்போதுதான் கேஜ் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் பரிட்சைக்குப் பயந்து நாங்கள் ஓடுவதாக நினைத்துத் துரத்தி வந்திருக்கிறார். "கேஜ் உழுந்துடுச்சு" என்று கேட்டதும் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கேஜ் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளைப் பிடித்தபடி அண்ணியைக் கேட்டார்:

"யாரும்மா சொன்னது?"

"யோவ், இங்க வந்து பரிட்சை வெக்கிறியா?" என்றாள் பக்கத்திலிருந்த பால்கார ரோசம்மா.

"நீ சொன்னியா?"

"நான்தான் சொன்னேன். எனக்குச் சைக்கிள் கடைக்காரரு சொன்னாரு. தோ கீறாரே."

சைக்கிள் கடைக்காரர் கையைத் தூக்கினார். "எனக்கு உங்க காலேஜ் பியூன் முனியப்பன் சொன்னான் சார்."

முனியப்பனும் அங்கேதான் இருந்தார். தம்பி கீழே இருக்கிறான் என்று கேட்டில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்தார்.

"முனியப்பா, கேஜ் உழுந்துச்சுன்னு இவர்கிட்ட சொன்னியா?"

"ஆமா சார். நீங்கதான் ஆசாரியக் கூப்டுனு வரச் சொன்னீங்க. கரையான் தின்ன காலு ஒடைஞ்சு நம்ம கேஜ் உழுந்துச்சே, அதுக்கு. வழில இவரு பாத்து, இன்னா அவசரம்னாரு. கேஜ் உழுந்துடுச்சு, ஆளக் கூப்ட போறேன்னேன். ஆசாரி வூட்டாண்ட போனா, ரீப்ஸ்ல கேஜ் உழுந்துடுச்சுன்னு ஓடறாங்கோ. நானும் ஓடியாந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் திறந்தபடி நின்றது. தான் விட்ட செய்தி ஊரைச் சுற்றி வந்து தன்னையே அடித்ததை அதுவரை அவர் அடையாளம் காணவில்லை.

கேஜ் சார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "உழுந்தது காலேஜ்ல மர பீரோ. அதுக்குக் கேஜ்னு பேரு வெச்சவன் நானு. மொதல்ல சொன்னவன் நான்தான்."

அடி விழும் என்று நினைத்தேன். கொஞ்சம் விழவும் செய்தது. ரோசம்மா பால் செம்பால் தோளில் ஒன்று வைத்தாள். அவர் நகரவில்லை.

அண்ணி மட்டும் கம்பியை விடவில்லை. "நான் நம்ப மாட்டேன். என் கண்ணால பாக்கணும்."

"நம்பாதேம்மா" என்றார் கேஜ் சார். "பாத்துட்டே போ."

ஷிப்டு முடியும்வரை அவரும் எங்களோடு நின்றார். அவருக்குச் சொந்தம் என்று கீழே யாரும் இல்லை. கேஜ் மேலே வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு அண்ணன் வெளியே வந்து, "இன்னா, எல்லாம் கூட்டமா வந்துகீறீங்க?" என்று கேட்டான். அண்ணி மாவுக் கையாலேயே அவன் முதுகில் ஓர் அறை விட்டு அழுதாள். முனியப்பனின் தம்பியும் வந்தான். கடைசி ஆள் வெளியே வந்த பிறகே கேஜ் சார் சைக்கிளைத் திருப்பினார்.

அதில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். எங்கள் வீடு வேறு திசையில் இருந்தது. இருந்தாலும் அண்ணன், அண்ணி, நான் மூவரும் கொஞ்ச தூரம் அவர் வேகத்துக்கே நடந்து போனோம்.