அடிக்கோடு வாத்தியார்

அடிக்கிற ஆசிரியரை உங்களுக்குத் தெரியும். அடிக்கடி லீவு போடுகிற ஆசிரியரையும் தெரியும். நான் சொல்ல வந்தது அடிக்கோடு ஆசிரியரைப் பற்றி.

பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்றுத் தருவது எப்படி என்று ஆசிரியர்களுக்காக எந்த நூல் வந்தாலும் முதல் ஆளாக வாங்குவார், பழுப்புத் தாளில் அட்டை போடுவார், முக்கியமான வரிக்குப் பச்சை, மிக முக்கியமான வரிக்குச் சிவப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பார், மறுநாள் மதியம் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரமாகப் பார்த்து, "வாசிப்பு என்றால் என்ன?" என்று ஆரம்பிப்பார். யார் பதில் சொல்வது? எல்லார் வாயிலும் தயிர்சாதம். அதில் ஒரு வாய் என்னுடையது.

அயனம்பாக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் ராஜசேகரன் இந்த இனத்தின் அசல் மாதிரி. அவரிடம் இப்படி நாற்பத்து மூன்று நூல்கள். வகுப்பில் மட்டும் பழைய கதைதான். அவர் ஒரு வரி படிப்பார். ஐந்தாம் வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொல்லும்.

போன ஜூலையில் கன்னியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. மகள் சிம்ரன் ராஜசேகரன் வகுப்பு.

"சார், நேத்து இது தனியா பஸ் ஏறி எங்கியோ பூட்ச்சு. மண்ணூர்பேட்டைல எறங்க வேண்டிய பொண்ணு, பூந்தமல்லில நின்னுகினு அழுவுது. போர்டு படிக்கத் தெரில சார். அஞ்சாவது படிக்கிது!"

ராஜசேகரன் கலங்கவில்லை. "அம்மா, வாசிப்பு ஐந்து படிநிலைகளைக் கொண்டது…" என்று தொடங்கினார். மூன்றாம் படிநிலையில் கன்னியம்மா குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒரு தபா இவளைப் பக்கத்துல குந்த வச்சி, தனியா படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. கேட்க என்ன அவசியம்? கோரஸில் மிகச் சத்தமான குரலே சிம்ரனுடையதுதான்.

ராஜசேகரன் அவளை அங்கேயே உட்கார வைத்தார். ஒரு தாளில் 'அம்பத்தூர்' என்று எழுதி நீட்டினார். சிம்ரன் அம்மாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மெல்ல விரல் வைத்தாள்.

"அ… ம… ப… த… தூ… ர…"

எழுத்தெல்லாம் தெரிகிறது. தலையில் இருக்கும் புள்ளிதான் அவள் கண்ணுக்கு வெறும் மைத்துளி. இதைக் கண்டுபிடிக்க ஆன நேரம் இரண்டு நிமிடம். பள்ளிக்கு வந்து ஆன காலம் ஐந்து வருடம்.

கன்னியம்மா போன பிறகு, ராஜசேகரன் அலமாரியைக் குடைந்து ஒரு நூலை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். என்னிடம் நீட்டினார். 'ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.' கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்தில், 'அருமை!'

"எப்ப போட்ட கோடு சார்?"

"மூணு வருஷம் இருக்கும்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் தினம் நான்கு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். புள்ளி தெரியாதவர்கள் இன்னும் ஆறு பேர் அகப்பட்டார்கள். தீபாவளிக்குள் சிம்ரன் பாடத்தைத் தடுமாறாமல் படித்தாள். 'பஸ்ல கண்டக்டருக்கு முன்னாடி இவளே ஸ்டாப்பிங் பேரைக் கத்துறா சார்' என்று கன்னியம்மாவே புகார் சொன்னார்.

மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? பொறுங்கள். போன வாரம் நாற்பத்து நான்காவது நூல் வந்திருக்கிறது. புள்ளி எழுத்துகளைக் கற்பிப்பது பற்றி.

சிரிக்கிறீர்கள். நீங்கள்தான் ஆசிரியர் இல்லையே! அது போகட்டும், உங்கள் வீட்டில் யோகாசனப் புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன? கடைசியாக எப்போது குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டீர்கள்?