ஒரே எண்காரர்

ஒரே எண்காரர் என்றொரு இனம் உண்டு. மட்டக்களப்பில் மட்டுமா என்று கேட்காதீர்கள். மனிதர் வாழும் இடமெல்லாம் உண்டு. கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால், முந்நூறு வரும், நானூறும் வரலாம் என்று நீங்களும் நானும் இழுப்போம். அவர் இழுக்கமாட்டார். "முந்நூற்றி அறுபத்திரெண்டு" என்பார். கேட்டவர் திருப்தியோடு போய் உலையில் அரிசி போடுவார். அன்றைக்கு முந்நூற்றி அறுபத்திரண்டு பேர் வந்ததாக வரலாறு இல்லை. வராததற்காக யாரும் அவரிடம் சண்டைக்குப் போனதாகவும் வரலாறு இல்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். 'கூடக்குறைய' என்ற சொல் காதில் விழுந்தால் கட்டெறும்பு கடித்ததுபோல் நெளிவார். தசமப் புள்ளியைக் கண்டால் கும்பிடுவார். புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு நீளமாக இலக்கங்கள் நிற்கின்றனவோ அவ்வளவு உண்மை என்பது அவருடைய சமயம். நீங்கள் வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி மறித்து, "அதெல்லாம் சரி, முடிவா ஒரு நம்பர்" என்பார். முடிவாக! உலகத்தில் எதற்கு முடிவு தெரிந்திருக்கிறது?

தவநேசன் சேர் இந்த இனத்தின் நல்ல மாதிரி. வாவியின் நீர்மட்டத்தை முன்கூட்டிச் சொல்வதற்கென்று ஏற்பட்ட ஒரு திட்டத்தின் தலைவர். அவருக்குக் கீழே கணினியில் புள்ளிவிபர நிரல் எழுதுகிறவள் மேனுகா.

மேனுகாவின் அப்பா இராசதுரை, படுவான்கரையில், வாவியை ஒட்டிய வட்டையில், அதாவது தாழ்ந்த வயல்வெளியில், பெரும்போகம் விதைத்தார். பயிர் வயிறு தள்ளுமுன் அவர் போய்விட்டார். பயிருக்கு அது தெரியாது. அது தன்பாட்டில் கதிர் தள்ளி, பழுத்து, தலை சாய்ந்து நின்றது. வெட்ட வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெட்டு மெசினுக்கு மேனுகா சொல்லிப் பார்த்தாள். சேற்றில் இறக்கமாட்டோம் என்றார்கள். எனவே எல்லாம் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் கையில்.

முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும், வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு மீனும் இறாலும் ஓடும். மீன்பிடிக்கிறவர்கள் வாயில் மண். ஆகவே ஒன்று தசம் இரண்டு மீற்றரைத் தண்ணீர் தாண்டும் என்று தெரிந்தால் மட்டுமே வெட்டுவதென்று ஏற்பாடு. தாண்டுமா என்று சொல்வது தவநேசன் சேரின் அலுவலகம்.

மேனுகாவின் நிரல் ஒழுங்கானது. கணினியில் தசம எண்ணுக்கு மிதக்கும் புள்ளி எண் என்று பெயர். மிதப்பது ஆடும் அல்லவா? பத்தில் ஒன்றைக்கூட அந்த இயந்திரத்தால் அச்சொட்டாகப் பிடித்து வைத்திருக்க முடியாது. அதற்கு மேல் மழைமானியின் பிழை, அளவுகோல் நட்ட இடத்தின் பிழை. எனவே எண்களை வரிசையாக அடுக்கும்போது, ஒவ்வொரு எண்ணும் தன் பிழையைத் தானே காவிக்கொண்டு போகும்படி அவள் எழுதியிருந்தாள். 'வெக்டர்' என்கிற எண் வரிசைக்குப் பள்ளிக்கூடத்தில் 'காவி', அதாவது சுமப்பது, என்றுதானே பெயர் படித்தோம்? காவட்டுமே. கூட்டினால் பிழையும் கூடும், பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும், கடைசியில் விடை வரும்போது பிழையும் கூடவே வந்து நிற்கும். வந்து நின்றது: ஒன்று தசம் ஒன்று, கூட்டல் கழித்தல் தசம் மூன்று.

"இதென்ன பிள்ள, நம்பருக்குப் பின்னால வால்?"

"பிழை எல்லை, சேர். தண்ணி ஒண்டு தசம் நாலு வரைக்கும் ஏறலாம்."

"ஏறலாம், இறங்கலாம் எண்டு சொல்லவா எனக்குச் சம்பளம்? கூட்டத்துக்குப் பெரியாக்கள் வருவாங்க. முடிவா ஒரு நம்பர்."

"வெட்டுற மட்டத்தத் தாண்ட இடமிரிக்கு எண்டு கீழ ஒரு வரி போடட்டா, சேர்?"

"இடமிரிக்கு எண்டா பந்தல் போடவா? வால வெட்டு."

அவள் வெட்டவில்லை. அவரே வெட்டினார். அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும்: வெறும் எண்ணாக்கு. பிழைகள் உதிர்ந்தன. கணினி முணுமுணுக்கவில்லை, எச்சரிக்கவில்லை. அடுத்த வரி, ஒன்று தசம் ஒன்றையும் ஒன்று தசம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வெட்டத் தேவையில்லை என்றது. வால் இருந்த இடம் வெறிச்சென்று கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். அங்கே தசம தானங்களை வளர்த்துவிட்டார். திரையில் 1.1043718 என்று மின்னியது. அன்றைக்கு வெட்டப்பட்டது அந்த வால் ஒன்றுதான்.

கூட்டத்தில் வட்டை விதானை எழும்பினார். வயல்காரருக்காகப் பேசுகிறவர் அவர்.

"சேர், கொஞ்சம் கூடி வந்தா மறுகா என்ன செய்யிற?"

"கூடாது. கம்பியூட்டர் ஏழு தானத்துக்குச் சொல்லுது."

"கம்பியூட்டருக்கு வயல் இரிக்கா, சேர்?"

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் மேனுகா எழும்பி, "ஒண்டு தசம் நாலு வரைக்கும் ஏறலாம், ஐயா. தாண்டுறத்துக்கு இடமிரிக்கு" என்றாள்.

தவநேசன் சேர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்கு இப்பதான் அப்பா செத்தது. அதுட வயலும் அங்கதான். பாவம்."

எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். வாதத்துக்குப் பதில் வாதம் உண்டு. அனுதாபத்துக்கு என்ன பதில்? அவள் உட்கார்ந்தாள்.

தண்ணீர் வந்தது. வட்டை முழுக்க வெள்ளம். இராசதுரையின் நெல் வேளாண்மை கழுத்தளவுத் தண்ணீரில் கதிரை மட்டும் நீட்டிக்கொண்டு நின்று, பிறகு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக முகத்துவாரம் வெட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில் தவநேசன் சேருக்கு வியர்த்ததா? இல்லை. "எங்கட கணிப்பில ஒரு சின்னப் பிழை" என்று தொடங்கி, திரையைக் காட்டினார்: 0.2386114 மீற்றர். பிழையைக்கூடப் பிழையில்லாமல் சொல்லுகிற மனிதர் என்று பெரியவர்கள் வியந்தார்கள். மேனுகா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்: ஒன்று தசம் மூன்று நான்கு. தண்ணீர் அவளுடைய வாலுக்குள்தான் வந்து நின்றிருக்கிறது.

அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வாசலில் அம்மா.

"புள்ள, தண்ணி எப்ப வத்தும்? அப்பாட வேளாண்மையில கொஞ்சமாவது எடுக்கலாமா?"

மேனுகா கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். நாளைக்கே வற்றலாம். ஒரு கிழமையும் இழுக்கலாம். இழுத்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

"மழையப் பொறுத்தம்மா. நாளைக்கும் வத்தலாம், இல்லாட்டி..."

"லாம் எல்லாம் வேணாம் புள்ள. சரியாச் சொல்லு."

அப்பா போனதிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மேனுகா அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நாளையிண்டைக்கு வத்திரும், அம்மா."

நாளை மறுநாள் என்று ஒரே நாளைச் சொல்லிவிட்டு, கணினியைப்போலவே அவளும் முணுமுணுக்கவில்லை. அம்மா உள்ளே போய்ச் சாக்குகளை உதறி வைத்துவிட்டு, ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டாள்.

இந்த இனத்தில் சேருவதற்கு அலுவலகம் வேண்டியதில்லை, தசம தானம் வேண்டியதில்லை. உங்களிடம் கேட்பவர் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். நான் அந்த இனமில்லை என்று தலையை ஆட்டுகிறீர்கள். சரி. பிறகு எத்தனை மூடை நெல் தேறியது, அதைச் சொல் என்று உங்களுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டதே, அது எதற்கு? முப்பத்தொரு மூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் ஆறிவிட்டதா?