ஒன்பது அங்குல மண்டை

டைனோசரின் தலையைக் காணவில்லை.

மறுநாள் காலை விஞ்ஞானக் கண்காட்சி; அதற்காகச் செய்த காகித டைனோசர் அது. பரிசு வாங்கினால் ஆறுச்சாமி வாத்தியார் கொழிஞ்சாம்பாறையிலேயே இருக்கலாம். தவறினால் மலைமேல் இருக்கும் வண்டிப்பெரியாருக்கு மாற்றல் என்று ஹெட்மாஸ்டர் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார். வாத்தியாருக்குக் குளிர் ஆகாது. அம்மா பழனாத்தாள் கையால் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடாவிட்டால் தூக்கமும் வராது.

"கமலா, தலை எங்கே?"

"அந்த மொட்டை மண்டைங்களா? கத்திரிக்காட்டுல திருஷ்டிக்கு நட்டு வெச்சனுங்க" என்றாள் மனைவி கமலாத்தாள், முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தாமல்.

வாத்தியார் காட்டுக்கு ஓடினார். காலையில் பெய்த மழையில் காகிதமும் மைதாப் பசையும் கரைந்து, குச்சி மட்டும் நின்றது. தலையில் கை வைத்தபடி வீட்டுக்குத் திரும்பினார்.

"அய்யோ, ஒம்பது அங்குலக் கனமான மண்டை! புஸ்தகத்தைப் பாத்து அளவெடுத்துச் செஞ்சது!"

"எலை தழை திங்கற உருப்படிக்கு எதுக்குங்க அத்தனை கனம்?"

"ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கறதுக்கு. யாரு பெருசுன்னு தெரிய வேண்டாமா?"

அடுக்களையில் பழனாத்தாள் சட்டியை 'டங்'கென்று வைத்தாள். கமலாத்தாள் முறத்தை 'டப்'பென்று வைத்தாள். அந்த வீட்டில் அடுப்பு ஒன்று, எஜமானிகள் இருவர்.

"நேருக்கு நேரா முட்டினா ரெண்டு மண்டையும்தானுங்க வீங்கும். வெலாப்பக்கமா முட்டோணும்."

"புஸ்தகத்துல அப்படி இல்லை."

கமலாத்தாள் புத்தகத்தோடு வாதாடவில்லை. "கள்ளுப்பானை ஒண்ணக் கவுத்து வெச்சாப் போச்சு. வயித்துக்குள்ள சோளத்தட்டைத் திணிங்க, கெட்டியா நிக்கும்."

வாத்தியார் நெகிழ்ந்துபோனார். மாற்றலைத் தடுக்க மனைவிக்குத்தான் எத்தனை அக்கறை!

கண்காட்சியைப் பார்வையிட வந்த மலையாளிக் கல்வி ஆபீசர் டைனோசரை நெருங்கியதும் மூக்கைச் சுளித்தார். "மாஷே, இதெந்தா கள்ளு மணம்?"

"ஆதி காலத்து ஜந்துங்க சார், அப்படித்தான் வீசும்."

அப்போது கமலாத்தாள் வேடிக்கை பார்க்க வந்தாள், கையில் வீட்டுக் கிடாயோடு. "தனியா உட்டாக் கத்துதுங்க."

டைனோசரின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சோளத்தட்டைக் கிடா பார்த்தது. கயிறு நழுவியது. டைனோசரின் விலாவில் ஒரே முட்டு! ஒன்பது அங்குல மண்டை எகிறி ஆபீசர் காலடியில் உடைந்தது. உள்ளே ஒட்டியிருந்த பழங்கள்ளு வண்டல் அவருடைய வெள்ளை வேட்டியில் வரைபடம் வரைந்தது.

மத்தியானத்துக்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

"கயிறு வழுக்கிருச்சுங்க" என்று கமலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே கமலா, விடு" என்று வாத்தியார்தான் தேற்ற வேண்டியிருந்தது.

பழனாத்தாள் கண்டிப்பாகச் சொன்னாள்: "காட்டையும் மாட்டையும் உட்டுப்போட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்கடா."

சந்தையன்று வாத்தியார் குப்பண்ணன் ஜவுளிக்கடையில் ஏறினார். சோகத்தைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்று முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார்.

"எனக்கொரு கம்பளிச் சட்டை, ஊட்டுக்காரிக்கு ஒரு சால்வை. வெலை பாத்துச் சொல்லுங்கண்ணா."

குப்பண்ணன் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"இதென்னுங்க வாத்தியாரே, அது ரெண்டையும் உங்க ஊட்டு அம்மிணி போன மாசமே பேரம் பேசி வாங்கிட்டுப் போயிட்டாங்களே! மாமியாருக்கு வேண்டாமான்னு கேட்டேன், 'ரெண்டே போதுமுங்க'ன்னு சொன்னாங்க."