ஐஞ்சு கட்டைக்கு அங்கால ஒரு ரொட்டி

விபூதிப் புதன் காலமை, நெத்தியில சாம்பலோட, கோயில் வாசலில வைச்சு நான் ஒரு பெரிய முடிவெடுத்தன். தபசு காலம் நாற்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடு. சீனி தொடுறேல்ல. பின்னேரத்தில ரெண்டு மணித்தியாலம் நடை. முடிவெடுத்தது நான்தான். எடுத்துக் கையில தந்தது என்ர மனிசி மார்கிறட். சுவாமியாருக்கு முன்னால வைச்சுத் தந்தபடியால் திருப்பிக் குடுக்க ஏலாமல் போச்சுது.

விசயம் இதுதான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. சண்டையால பாதை பூட்டி, வன்னியில சனத்தின்ர வயிறெல்லாம் உள்ளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். என்ரது மட்டும் வெளியில வந்துகொண்டிருந்தது. முல்லைத்தீவுக் கரையில இருந்து இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில போஸ்ட்மாஸ்டராய் இருந்தனான். கடிதம் வந்தால் கதிரையால எழும்பவேணும். கடிதம் எப்ப வரும் எண்டு கடிதத்துக்கே தெரியாது. ஆனபடியால் எழும்புறதும் குறைவு. வீட்டில மூண்டு நேரமும் சோறு, இடையில நாலு தேத்தண்ணி. நிவாரணம் எங்க குடுக்கினம் எண்டு தெரியாத சனம் என்ர வயித்தைப் பாத்திட்டு என்னைத்தான் வந்து கேக்கும்.

தை மாதக் கடைசியில தபால் கந்தோரில தலை சுத்திச்சுது. ஆசுபத்திரிக்குப் போனம். டொக்டர் பிறசர் பாத்தார், ரத்தம் எடுத்தார், வயித்தைச் சுத்தி அளவுநாடா பிடிச்சார். நாடா நீளம் காணேல்ல. மிச்சத்துக்கு ஒரு பண்டேச் துண்டைச் சேத்துப் பிடிச்சார். பிறகு எனக்குச் சொல்லாமல் மார்கிறட்டுக்குச் சொன்னார். வயிறு, பிறசர், சீனி, கொழுப்பு எண்ட நாலும் ஒரு வீட்டுப் பிள்ளையளாம். ஒண்டு வந்தால் மற்றதுகளையும் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருமாம். இப்ப எல்லாம் வாசலில நிக்குதாம், உள்ளுக்கு வரேல்லையாம்.

"வந்திட்டுதெண்டால் ஆயுசுக்கும் குளிசை போடவேணும். குளிசை இஞ்ச ஒரு மாதம் வரும், மூண்டு மாதம் வராது. வராமல் பாக்கிறதுதான் மருந்து. பாஸ்குத் திருநாளுக்கு முதல் திரும்பப் பாப்பம்" எண்டார்.

மார்கிறட் ஒரேயொரு கேள்விதான் கேட்டா. இவற்ற அண்ணருக்கும் இப்பிடித்தானோ துவங்கினது எண்டு. டொக்டர் ஓமெண்டு தலையை ஆட்டினார். என்ர அண்ணர் சவிரியானுக்கு ஐம்பத்தொரு வயதில ஒரு பக்கம் இழுத்து, எங்கட வீட்டிலதான் ஆறு மாதம் கிடந்து செத்தவர். டொக்டரிட்டைப் போன அண்டைக்கு எனக்கு நாற்பத்தெட்டு. வரேக்க அவா வழிநெடுக ஒரு வார்த்தை கதைக்கேல்ல. அவா கதைக்காட்டில் எனக்குப் பயம். கதைச்சாலும் பயம்தான், ஆனால் அது பழகின பயம்.

நோன்பு முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு எனக்குக் கண் இருட்டிச்சுது. ரெண்டாம் நாள் கந்தோரில முத்திரை ஒட்டேக்க பசையை ஒருக்கா நக்கிப் பாத்தன். உப்பாயிருந்தது. மூண்டாம் நாள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. தபசு காலத்தில ஞாயிறு நோன்பில்லை, அது திருச்சபையின்ர சட்டம். ஆறு ஞாயிறு. ஆறு தரம் வயிறு நிறையச் சாப்பிடலாம் எண்டு மார்கிறட்டிட்டை வாதாடினன்.

"திருச்சபைக்கு ஞாயிறு தெரியும். பிறசருக்குத் தெரியாது" எண்டிட்டுச் சட்டியைக் கவிட்டு வைச்சா.

அப்ப ஒளிச்சுத்தான் சாப்பிட வேணும். சந்தியில தவராசாவின்ர தேத்தண்ணிக்கடை. போய்க் குந்தினன். தவராசா எனக்கு முன்னால ஒரு கிளாஸ் வெறும் தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, அக்கா காலமையே வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டா, எனக்கும் பிள்ளை குட்டி இருக்குது போஸ்ட்மாஸ்டர் எண்டான். பக்கத்துக் கடையிலும் தண்ணி. அதுக்கடுத்த கடையில தண்ணியும் இல்லை. என்னைக் கண்டவுடன தட்டியை இழுத்துச் சாத்தினான்.

என்ர நிலையைப் பாத்து மனமிரங்கின ஒரே சீவன் எங்கட தபால்காரன் நல்லதம்பி. கந்தோர் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைக் குறைச்சு, வவுனிக்குளம் கட்டுக்கு அங்கால வடிவம்மா எண்டு ஒரு மலையகத்து மனிசி ரொட்டிக்கடை வைச்சிருக்கிறா, மல்லாவிச் சனம் அங்க போறேல்ல, உங்களை ஒருத்தருக்கும் தெரியாது எண்டான். எவ்வளவு தூரம் எண்டன். ஐஞ்சு கட்டை எண்டான். ஐஞ்சு மைல் நடக்கிறதோ எண்டு நான் பேயடிச்ச மாதிரி நிக்க, தன்ர சைக்கிளைத் தாறன் எண்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிச்சு அழவேணும் போல இருந்தது.

திட்டம் அருமையான திட்டம். நாலரைக்கு வீட்டால நடக்க வெளிக்கிடுறது. மார்கிறட் பாத்துக்கொண்டு நிக்க, கையை வீசி வீசி நடக்கிறது. வளைவு திரும்பினவுடன நல்லதம்பி வீட்டில சைக்கிளை எடுக்கிறது. நடையும் மிச்சம், ரொட்டியும் வயித்துக்க. டொக்டரையும் மனிசியையும் ஒரே மிதியில ஏமாத்துறன் எண்டு எனக்குள்ள ஒரு பெருமை.

சைக்கிள் மட்டும் கொஞ்சம் பிழை. ரயருக்குள்ள காத்து இல்லை, பழைய துணி அடைஞ்சிருந்தது. அந்த நாளில ரயர் ரியூப்புக்கு எங்க போறது? அதோட டைனமோ சில்லில முட்டினபடி கம்பியால இறுக்கிக் கட்டியிருந்தது. கழட்டினால் உடைஞ்சு போமெண்டான் நல்லதம்பி. ஒவ்வொரு மிதியும் கிணத்துக்குள்ள இருந்து வாளி இழுக்கிற மாதிரி. குளக்கட்டில ஏறினால் எதிர்க்காத்து வேற. பட்டப்பகலில முன் லைற் எரிய எரிய, வேர்த்து ஒழுகி, முதல் நாள் வடிவம்மா கடையில போய் விழுந்தன்.

அவா ஒரு ஆறுதலான மனிசி. "வாங்கையா, ஒக்காருங்க" எண்டு வாங்கைத் துடைச்சு விட்டா. கோதம்பை மா ரொட்டி கேட்டன். மா வரலீங்க எண்டா. குரக்கன் ரொட்டி ரெண்டு வந்தது, அவா கேப்பை எண்டு சொல்லுறது, முருங்கையிலை போட்டது. தேத்தண்ணிக்குச் சீனி கேட்டன். சீனியும் வரலீங்க. பனங்கட்டி? நேத்தோட முடிஞ்சு போச்சுங்க. பாதை பூட்டிக் கிடக்கிற ஊரில ஆர் இதைச் சந்தேகப்படுவினம்? வெறும் தேத்தண்ணியோட அந்த ரெண்டு ரொட்டியையும் திண்டன். களவாய்த் திண்டபடியால் அமிர்தமாய் இருந்தது. மூண்டாவது கேட்டன். தீந்து போச்சுங்க எண்டா. முப்பத்தைஞ்சு நாளும் மூண்டாவது ரொட்டி தீந்துதான் இருந்தது.

அடுத்த திங்கக்கிழமை நல்லதம்பி சைக்கிள் கரியரில ஒரு துணிப்பொதி கட்டி வைச்சிருந்தான். வடிவம்மாவுக்கு ஆரோ குடுத்த பார்சல், போறனீங்கள்தானே, குடுத்து விடுங்கோ எண்டான். பாரமெண்டால் அப்பிடிப் பாரம். வாய் நீல நிற நைலோன் நூலால முடிஞ்சிருந்தது, கடற்கரைப் பக்கத்தில வலை முடியிற முடிச்சு. நான் அதை வடிவாய்ப் பாத்தனான். பாத்தும் மண்டையில ஏறேல்ல. கிழமைக்கு ஒண்டு வந்துகொண்டே இருந்தது. தபால் என்ர உத்தியோகம், பார்சல் எண்டால் கை தானாய் நீளும்.

பின்னேரம் ஆறரைக்குத் திரும்பி வந்தால் மார்கிறட் வாசலில துவாயோட நிப்பா. செம்பில தண்ணி தருவா.

"எதிர்க்காத்தோ?" எண்டு ஒருநாள் கேட்டா.

"ஓம், சரியான எதிர்க்காத்து" எண்டன். நடக்கிற மனிசனிட்டை எதிர்க்காத்தைப் பற்றி ஏன் கேக்கிறா எண்டு எனக்குப் படேல்ல. பாவம், நம்பிக்கொண்டிருக்கிறாள் எண்டுதான் நினைச்சன். உண்மையாய் மனம் கொஞ்சம் நொந்தது. நொந்துபோட்டு அடுத்த நாளும் போனன்.

பாஸ்குக்கு முந்தின பெரிய புதன் வந்தது. ஆசுபத்திரியில டொக்டர் பிறசர் பாத்தார். திரும்பவும் பாத்தார். மெசினில பிழையோ எண்டு தன்ர கையிலும் கட்டிப் பாத்தார். அளவுநாடா இந்தமுறை சுத்திவந்து மிச்சமும் தொங்கிச்சுது. இடுப்புப் பட்டியில நான் ஆணியால நாலு ஓட்டை புதிசாய்ப் போட்டிருந்தனான். சீனி வாசலை விட்டுப் போயிட்டுதாம். இனிக் குளிசை தேவையில்லை, நோன்பும் நடையும் எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு வெளியில இருந்த சனத்துக்கும் கேக்கச் சொன்னார். நான் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன்.

ஆனால் அடுத்த நாள் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். நோன்பெண்டு சொல்லிப்போட்டு எழுபது ரொட்டி திண்டிருக்கிறன். சுவாமியாரிட்டைச் சொல்லுறதெண்டால் முதல் வீட்டில சொல்லவேணும். சுவாமியார் மன்னிச்சு மறந்திடுவார். மார்கிறட் மன்னிச்சாலும் மறக்கமாட்டா. அண்டு பின்னேரம் முழுக்க யோசிச்சு, துணிஞ்சு குசினிக்குள்ள போனன். அவா நிலத்தில இருந்து ஒரு துணிப்பொதிக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தா. நீல நிற நைலோன் நூல். வலை முடிச்சு. பக்கத்தில சுளகில குரக்கன் மா.

நான் குனிஞ்சு அந்த முடிச்சைத் தொட்டுப் பாத்தன்.

"உந்தப் பொதியைப் பிடியுங்கோ, வழுக்குது" எண்டா.

பிடிச்சன். பிடிச்சுக்கொண்டே கேட்டன். "வடிவம்மாவை உமக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? குரக்கன் அவாவின்ர தோட்டத்துது. அரைக்கிறது நான். கொண்டுபோறது நீங்கள்."

"நல்லதம்பி?"

"நான் சொல்லித்தான் சொன்னவன். டைனமோவும் நான் கட்டச் சொன்னதுதான்."

எனக்குச் சரியான கோவம் வந்தது. நேர சொல்லியிருக்கலாமே, ஒரு மனிசனை ஊரெல்லாம் சேந்து இப்பிடி விசரனாக்கிறதோ எண்டு சத்தம் போட்டன். அவா முடிச்சை இறுக்கிப்போட்டு நிமிந்து பாத்தா. கண் கலங்கியிருந்தது.

"நட எண்டு சொன்னால் நீங்கள் வளைவு மட்டும்தான் நடப்பீங்கள். களவாய்ப் போ எண்டால் கண்டிக்கும் போவீங்கள். உங்கட அண்ணரை ஆறு மாதம் நான்தான் புரட்டிப் புரட்டிப் படுக்க வைச்சனான். உங்களைப் புரட்ட என்னால ஏலாது."

சுளகைத் தூக்கி மேல வைச்சன். பிறகு, ஆம்பிளையின்ர மரியாதைக்கு ஏதும் சொல்லத்தானே வேணும், உயிர்த்த ஞாயிறோட நோன்பு முடியுது, வவுனிக்குளம் போற வேலையும் முடியுது எண்டு கொஞ்சம் இறுக்கமாய்ச் சொன்னன்.

"ஓம், இனி வவுனிக்குளம் போகத் தேவையில்லை" எண்டு உடன ஒத்துக்கொண்டா. "வடிவம்மா கடையைப் பாண்டியன்குளத்துக்கு மாத்துறா. இன்னும் மூண்டு கட்டை."

நான் போகமாட்டன் எண்டன். போகாட்டில் விடுங்கோ, வீட்டில இரவுக்குக் கஞ்சி இருக்கு எண்டா.

திங்கக்கிழமை பின்னேரம் நல்லதம்பியின்ர சைக்கிள் கரியரில பார்சலைக் கட்டினன். டைனமோவைக் கழட்ட மார்கிறட் விடேல்ல.