றமீஸின் தங்க ஃபோர்க்

"மருமகன், இது தங்கமா?"

மாமி ஸாலிஹா பைக்கின் முன் சக்கரத்துக்கு அருகே குந்தியிருந்து கேட்டபோது, றமீஸ் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டான்.

"இல்ல மாமி. பூச்சு. டைட்டேனியம் நைட்ரைட்."

"பேர் பெரிசாத்தான் இரிக்கி. பார்க்கத் தங்கம் மாதிரியெல்லோ கிடக்கு?"

"அதுட நிறமே அதுதான் மாமி."

மாமி எழும்பி, குழாயைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நிந்தவூரில் கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். வீடு பெண்ணுடையது, நகை பெண்ணுடையது, கிணறும் மாமரமும் பெண்ணுடையவை. றமீஸ் தன்னோடு கொண்டுவந்தது ஓர் உடுப்புப் பெட்டியும், சேற்றிலும் மணலிலும் ஓடுகிற இந்த பைக்கும்தான். அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் போட்டிகளில் அவன் ஒன்றிலும் வென்றதில்லை. குற்றம் முன் ஃபோர்க்கில் இருக்கிறது என்று முடிவுசெய்திருந்தான். சக்கரத்தை இருபக்கமும் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் அமுங்கி எழும்பும் அந்த இரண்டு குழாய்களுக்கும் வழுவழுப்பான பூச்சு ஒன்று பூசினால் உராய்வு குறையும், கை நோகாது, வயல் வரம்பு வந்ததே தெரியாது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டுக்காரர். அவருக்குக் கீழே ஒரு பெருங்கூட்டம் அது வெறும் பகட்டு என்று எழுதியிருந்தது. றமீஸ் பனி நாட்டுக்காரரை நம்பினான். குழாய்களைக் கழற்றுவித்துக் கொழும்புக்கு அனுப்பினான்.

அவை தங்க நிறத்தில் திரும்பி வந்த அதே வாரம், அவன் மனைவி சுல்பிகா ஒரு கலியாண வீட்டுக்குக் கையில் காப்பில்லாமல் போய்வந்தாள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் மாமியின் தங்கை ஜெனூபா. பக்கத்து வளவில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி உண்டு, அது பேருக்குத்தான்.

"ராத்தா, புள்ளட காப்பு எங்க?"

"அலுமாரிக்குள்ள இரிக்கும்."

"கண்ணால கண்டீங்களா?"

மாமி கண்டிருக்கவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு தெருவில் ஒரு கதை நடமாடத் தொடங்கியது. பக்கீர் முகைதீன் ஹாஜியாரின் மருமகன் பெண்சாதியின் காப்புகளை உருக்கி பைக்குக்குப் பூசிவிட்டானாம்.

றமீஸ் சிரித்தான். அடுத்த நாள் பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்ததைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்கு வந்து, பழைய கறுப்புக் காற்சட்டை ஒன்றை வெட்டிக் குழாய்கள் இரண்டையும் சுற்றிக் கட்டினான்.

"பாத்தீங்களா ராத்தா," என்றார் ஜெனூபா வேலிக்கு மேலாக. "இப்ப மறைக்கிறார்."

சுல்பிகாவுக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து காப்புகளைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் வைத்தாள்.

"இந்தா சாச்சி, வடிவாப் பாருங்க. போட்டாக் கை அரிக்கிது, அதுதான் போடல்ல. இவர் கள்ளனில்ல."

றமீஸுக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. ஜெனூபா சாச்சி ஒரு காப்பை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெதுவாகத் திருப்பினார்.

"நிறம் மங்கிப்போய்க் கிடக்கே புள்ள. கலியாணத்தண்டைக்குக் கண்ணைப் பறிச்ச காப்பெல்லோ இது?"

"அதுக்கு?"

"சுரண்டியிரிக்கார். முழுசா எடுத்தாப் புடிபட்டிருவம் எண்டு மேலால சுரண்டி எடுத்திரிக்கார்."

சாய்மனைக் கதிரையில் கண்மூடியிருந்த மாமா பக்கீர் முகைதீன், "விடுங்ககா. தேத்தண்ணி ஊத்துங்க," என்றார். ஒருவரும் ஊற்றவில்லை.

சாட்சி ஒன்று வேண்டும் என்று றமீஸுக்குப் பட்டது. கல்முனையில் பைக் திருத்தும் ஜெமீலைக் கையோடு கூட்டிவந்தான். குழாய்களைக் கழற்றிப் பூட்டியவர் அவர்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பேரெடுத்தவர். அது எவ்வளவு ஆபத்து என்று றமீஸ் யோசிக்கவில்லை.

"ஜெமீல் நானா, இந்தப் பூச்சு என்னத்துக்குப் பூசுறது எண்டு இவங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்க."

"என்னத்துக்கு? ஒண்டுக்குமில்ல."

"நானா!"

"நான் அப்பவே உனக்குச் சொன்னன்தானே. ஒயிலையும் ரப்பர் சீலையும் மாத்தினா அதே சொகம்தான். உலகப் போட்டி ஓடுறவனுக்கு வேணுமெண்டா வித்தியாசம் தெரியும். ரெண்டாம் வரம்பில விழுறவனுக்கு என்ன தெரியப்போகுது?" அவர் கொஞ்சம் இரங்கினார். "பார்க்க வடிவுதான். இல்லையெண்டு சொல்லல்ல."

ஜெனூபா சாச்சி மாமியைப் பார்த்தார்.

"ஒண்டுக்கும் உதவாத பூச்சை ஆராச்சும் கொழும்புக்கு அனுப்பிப் பூசுவாங்களா? தங்கமாயிருந்தா அது வேற கதை."

றமீஸுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமா அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"மனே, இதைப் பெரிசாக்காதீங்க. நான் உங்கள ஒண்டும் கேக்கல்லயே."

"நான் எடுக்கல்ல மாமா."

"எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. நகை நம்மளோட கப்றுக்குழிக்கா வரப்போகுது?"

றமீஸின் கண் கலங்கியது. மாமா அவனைக் கள்ளன் என்று முடிவுசெய்து, மன்னித்தும்விட்டார். இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில் கள்ளனாக இருக்க அவனால் முடியாது.

"இல்ல மாமா. நாளைக்கே கல்முனைக்குப் போவம். நகை செய்யிற தங்கத்துரைப் பத்தர் கல்லில உரசிப் பார்க்கட்டும்."

மாமா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கரைப்பற்றில நல்ல பத்தர் ஒராள் இரிக்காராம். அங்க போவமே."

தெரிந்த ஊரில் மருமகனின் மானம் போகக்கூடாது என்று நினைக்கிறார். றமீஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"கல்முனைக்கே போவம் மாமா. எனக்கு எதுக்கும் பயமில்ல."

அடுத்த நாள் ஓட்டோ நிறைய ஆட்கள் போனார்கள். ஃபோர்க் குழாய் ஒன்று றமீஸின் மடியில் குழந்தை போலக் கிடந்தது. கடை வாசலில் மாமா இறங்கவில்லை. கால் உளைகிறதாம், ஓட்டோவிலேயே இருக்கிறாராம்.

தங்கத்துரைப் பத்தர் தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டே குழாயை வாங்கினார். உரைகல்லில் உரசினார். கோடு விழவில்லை. அழுத்தி உரசினார். கல்லைத் தூக்கிப் பார்த்தார்.

"பிறகு எடுக்கிறன்," என்று தொலைபேசியை வைத்தார். "தங்கமில்ல தம்பி. ஆனா எமகாதகப் பூச்சு. என்ட கல்லெல்லோ தேயுது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டியில் வென்றவன் போல றமீஸ் எல்லோர் முகத்தையும் பார்த்தான். ஜெனூபா சாச்சி கூரையைப் பார்த்தார். அத்தோடு அவன் எழும்பிப் போயிருக்கலாம்.

"அப்படியே இந்தக் காப்பையும் ஒருக்கா உரசுங்க ஐயா. நான் சுரண்டினனாம். அதையும் இவங்க கண்ணால பார்க்கட்டும்."

காப்பு கல்லில் மஞ்சள் கோடு ஒன்று இழுத்தது. மாமி மூச்சு விட்டார். பத்தர் கோட்டின் மேல் ஒரு துளி அமிலம் விட்டார். கோடு மெல்லப் பச்சையாகி, பிறகு இல்லாமல் போனது.

"இதுவும் தங்கமில்ல," என்றார் பத்தர்.

"யா அல்லாஹ்!" மாமியின் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"சுரண்டல்ல ராத்தா," என்றார் ஜெனூபா சாச்சி, நிதானமாக. "முழுசா மாத்தியே போட்டிருக்கார்."

அவனோடு ஒட்டி இருந்த சுல்பிகா, கடையின் வாங்குப் பலகையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்தக் கொஞ்ச இடைவெளியைப் பார்த்தபோது, தான்தான் எப்போதோ தூக்கத்தில் எழும்பி மாற்றிவிட்டோமோ என்று றமீஸுக்கே ஒரு சந்தேகம் வந்தது. பனி நாட்டுக்காரர் சாட்சிக்கு வரமாட்டார். குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பத்தர் மட்டும் காப்பைக் கீழே வைக்கவில்லை. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நகத்தால் தட்டி, உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமியின் சத்தம் கேட்டு, உளைகிற காலோடு மாமா ஓடிவந்து கடை வாசலில் நின்றார். பத்தர் நிமிர்ந்தார். அவர் முகம் முழுக்க மலர்ந்தது.

"அட, வாங்க ஹாஜியார்! இந்தக் காப்புப் பூச்சு மகள்ட கலியாணம் முடியுமட்டும்தான் தாங்கும் எண்டு நான் அண்டைக்கே உங்களுக்குச் சொன்னன்தானே?"