ஜாடி உடைந்தது குறித்து அம்சவல்லிக்கு

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை அம்சவல்லிக்கு, அண்ணன் சாமிக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் கனகாவும் நலம். அங்கே உன் நலத்தையும் பழமலைநாதன் நலத்தையும் கேட்க ஆசைதான், முகம்தான் இல்லை. கனகா போனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டு, உன் குரல் கேட்டதும் பேசாமல் வைத்துவிட்டவன் நான்தான். கடிதமென்றால் பாதியில் வைக்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை சார்ஜா திரும்பும் மங்கலம்பேட்டை ஜாபர் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வாங்கடா என்று பழைய சிநேகிதத்துக்காக உன் வீட்டுக்காரன் பழமலை என்னையும் மாணிக்கவேலையும் அழைத்தான். பன்னிரண்டு நாள் நீ இரண்டு பேருக்கும் ஆக்கிப் போட்டாய். பதிலுக்கு நான் செய்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பீங்கான் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் என் வேலை சுண்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், டொக்கென்றால் விரிசல். விரிசல் விட்டதை அந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேக்கிங் பெண்கள் நல்லதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ரிட்டயர் ஆனது நான் மட்டும்தான், கை இன்னும் ஆகவில்லை. அந்தப் பெரிய கடையில் அடுக்கி வைத்திருந்த தட்டுகளை நான் சுண்டிக்கொண்டே போக, செக்யூரிட்டி பின்னாலேயே வந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மலையாளத்தம்மா கேக் வைத்துக் கொடுத்த தட்டை, எந்த ஊர் முத்திரை என்று பார்க்கத் தலைகீழாகத் திருப்பினேன், கேக் அவர்கள் கம்பளத்தில் விழுந்தது. அதையெல்லாம் நீ சிரித்துச் சமாளித்தாய்.

புத்தாண்டு காலையில் எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருக்க, நீ உன் பீங்கான் ஜாடியைக் கழுவி மேசையில் கவிழ்த்திருந்தாய். சும்மா இருக்கக் கூடாதா நான்? சுண்டினேன். டொக். அடுத்த நொடி ஜாடி தரையில் சுக்குநூறு. அதோடு விட்டேனா, "இது வேஸ்ட்டு, அடுத்தத எடும்மா" என்று உன்னைப் பார்த்துக் கையை வேறு நீட்டினேன்! நீ துடைப்பத்தோடு வந்து, "பரவால்லண்ணா, கால்ல குத்திடப் போவுது, தள்ளி நில்லுங்க" என்றாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அம்மா.

சாயங்காலம் பழமலைதான் சொன்னான். "அது அவங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த ஜாடிடா. கீறல் இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் ஊறுகா போடாம உப்பு மட்டும் போட்டு வச்சிருந்தா." மானம் கப்பலேறும் என்பார்கள், என்னுடையது உன் வீட்டுப் பதினோராவது மாடியிலிருந்தே குதித்துவிட்டது. அந்த ஜாடி நம் கம்பெனி ஜாடி. அன்றைக்கு அதைச் சுண்டி நல்லது என்று அனுப்பியவனும் நானாகத்தான் இருப்பேன்.

கனகாவிடம் சொன்னேன். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஒங்க கைய கட்டிப்போட்டு இல்ல அனுப்பியிருக்கணும்" என்றாள். அது சரிதான். பழியை அடுத்தவன் தலையில் கட்டும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நல்லூருக்குப் போய், உன் அம்மாவை நேரில் பார்த்து ஜாடி உடைந்ததைச் சொன்னேன். ஆதிலட்சுமி அம்மா, "எம்பொண்ணு நல்லா இருக்குதுல்ல, அது போதும்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவள் மன்னித்த மாதிரி நீயும் என்னை மன்னித்தாயென்றால் இந்த வயிற்றில் சோறு இறங்கும்.

பழமலைநாதனுக்கு என் அன்பு. நம்மூர் சாமி பழமலைநாதர் புண்ணியத்தில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற விருந்தாளி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத அண்ணன்,
சாமிக்கண்ணு

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். "யாரு ஒடச்சது?" என்று உன் அம்மா கேட்டபோது வாயில் மாணிக்கவேல் பெயர் வந்துவிட்டது. அவனுக்கு இன்னும் தெரியாது. அம்மா உன்னிடம் போனில் கேட்டால் நீயும் மாணிக்கவேல் என்றே சொல்லிவிடம்மா. "பாவம், அந்தப் புள்ள மனசு என்ன பாடு படுதோ, நேர்ல போயி ஒரு வார்த்த ஆறுதலா சொல்லிட்டு வரணும்" என்று அடுத்த ஞாயிறு அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் வீடு அவர்களுக்குத் தெரியாதாம். வழிகாட்ட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.