தோலுக்குக் கிடைத்த பதவி உயர்வு

ஒரு காட்டில், நீதிமன்றத்துக்கு எதிர்ப்பாறையில், 'சிங்கம் அண்ட் நரி' என்ற பெரிய வக்கீல் கம்பெனி ஓஹோவென்று நடந்துவந்தது. அங்கே ஒரு வழக்கம். சிங்கம் கிளம்பும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வேலை இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சிங்கத்தின் குகையில் ஏசி கிடையாது, அதனால் அது லேசில் கிளம்பாது.

அங்கே வேலை பார்த்த சாரைப்பாம்பு மரகதவல்லிக்குப் பெரிய சங்கடம். புற்றில் அவளுடைய முட்டைகள் பொரியும் நேரம். அதே வாரம்தான் புதுப் பங்குதாரர் யாரென்று சிங்கம் முடிவு செய்யப்போகிறது. அந்தப் பதவிக்காகத்தான் இத்தனை வருஷம் வாலைச் சுருட்டிக்கொண்டு உழைத்தாள். நரியிடம் லீவு கேட்டாள்.

"தாராளமா போம்மா. பங்குதாரர் ஆகற ஆசை உனக்கு இல்லைன்னு சிங்கத்துகிட்ட சொல்லிடறேன்" என்றது நரி, அன்பாக.

கோட்டை மட்டும் நாற்காலியில் மாட்டிவிட்டு நழுவும் வித்தையைக் கரடி ஏற்கெனவே செய்து பார்த்து, பிடிபட்டு, இப்போது தேன் விற்கிறது. மரகதவல்லி வேறு வழி யோசித்தாள். அந்த நேரம் பார்த்து உடம்பு அரித்தது. தோல் உரிக்கும் பருவம்! அலுவலகக் கழிவறைக்குள் போய், ஒரு கிழிசல் இல்லாமல் உரித்து, உள்ளே பழைய தீர்ப்பு நகல்களைத் திணித்தாள். தலைக்குள் வைக்கத் தாள் போதவில்லை. பரவாயில்லை, இந்த ஆபீஸுக்கு இது போதும் என்று கறுப்புக் கோட்டும் கண்ணாடியும் மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் புற்றுக்குப் பறந்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. அத்தனையும் அவள் ஜாடை. அந்தச் சந்தோஷத்தில் ஆபீஸே மறந்துபோனது. நினைவு வந்ததும் பதறியடித்துத் திரும்பினால், அங்கே லட்டு விநியோகம் நடந்துகொண்டிருந்தது. தோலைப் பங்குதாரராக்கியிருந்தார்கள்.

சிங்கம் புகழ்ந்து தள்ளியது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம். மீட்டிங்கில் குறுக்கே பேசவில்லையாம். பெரிய கட்சிக்காரரான யானை தன் குறையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இவ்வளவு பொறுமையான வக்கீலைப் பார்த்ததே இல்லையென்று கண்ணைத் துடைத்துக்கொண்டதாம்.

"ஐயா, அது என் தோலு. நான்தான் மரகதவல்லி."

சிங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "இருக்கலாம்மா. ஆனா அவங்க சீட்டுல இருந்தாங்க. நீ இல்லையே."

நரி பெரிய மனசு பண்ணி, தோலுக்குக் கீழே உதவி வக்கீலாக அவளைச் சேர்த்துக்கொண்டது. இனி லீவு வேண்டுமென்றால் மேடத்திடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. மரகதவல்லிக்கு அழுகை முட்டியது. தான் உரித்துப் போட்டதன் முன்னால் தானே கைகட்டி நிற்பதா? கட்டுவதற்குக் கையும் இல்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போனாள். பங்குதாரர் அறையாச்சே, தலைக்கு நேர் மேலே தனி ஏசி.

"மேடம், குழந்தைங்க காத்துக்கிட்டிருக்கும். வீட்டுக்குப் போகட்டுமா?"

ஏசிக் காற்றில் தோல் மெல்லத் தலையாட்டியது. மரகதவல்லி குபீரென்று சிரித்துவிட்டாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் ஆட்டியது.

நீதி: தலைக்குள் ஒன்றுமில்லாத மேலதிகாரியே உத்தமமான மேலதிகாரி. அப்படி ஒருவர் அமையாவிட்டால், சொந்தத் தோலை உரித்தாவது ஒருவரைச் செய்துகொள்க.